அரைக்காசு அம்மன்: உடைமை பற்றிய ஒரு விசாரணை

நாணயத்தில் தெய்வத்தின் உருவைப் பொறிக்கும் வழக்கத்துக்கு இரு வகையில் பொருள் கூறலாம். உலோகத்துக்குத் தெய்வத்தின் பெயரால் நம்பிக்கை ஏற்றும் அரச தந்திரம் என்பது ஒரு பொருள்; எந்தச் செல்வமும் அதை வைத்திருப்பவருக்கு முழு உரிமையானதன்று என்று நினைவூட்டும் சமயக் கூற்று என்பது மற்றொரு பொருள். இவ்விரண்டில் எது சரி என்று ஆராய்வதற்கு, இன்றைய தமிழ்நாட்டுக்குள் முழுவதுமாக அடங்கிய ஒரே சமஸ்தானமாக, அதாவது ஆங்கிலேயரின் மேலாதிக்கத்தை ஏற்றுத் தன் அரசரின் கீழ் இயங்கிய நாடாக, 1948 வரை விளங்கிய புதுக்கோட்டையின் அம்மன் காசு நல்ல சான்றாகும்.

அம்மன் காசு விரல் நகம் அளவேயான செப்புக் காசு. அதன் ஒரு புறத்தில் திருக்கோகர்ணம் கோயிலின் அம்மையான பிரகதம்பாள் அமர்ந்த கோலத்தில் இருக்க, மறு புறத்தில் ‘விஜய’ என்ற சொல் தெலுங்கு எழுத்தில் காணப்படும். அச்சொல் வெற்றியையும் சுட்டும், விஜயரகுநாதர் என்ற பெயர் தாங்கிய தொண்டைமான் மன்னர்களையும் சுட்டும். ஓர் அணாவுக்கு 20 காசு, 16 அணா கொண்ட ரூபாய்க்கு 320 காசு என்பது அதன் மதிப்பு. உள்ளூர் அக்கசாலையில் கையால் அடிக்கப்பட்ட பழைய காசுகளில் அம்மையின் உருவம் நடுவிலிருந்து விலகியும் ஓரம் சிதைந்தும் இருப்பதுண்டு. 1889 முதல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் இயந்திரத்தால் அச்சிடப்பட்டு வந்தவையோ சீரான வட்டமும் தெளிந்த உருவும் கொண்டவை.

இக்காசின் தோற்றத்தைச் சமஸ்தான மரபு சதாசிவ பிரம்மேந்திரரோடு தொடர்புபடுத்துகிறது. மௌன விரதம் பூண்ட அந்த அத்வைதத் துறவியை 1738இல் திருவரங்குளம் காட்டில் விஜயரகுநாதராயத் தொண்டைமான் கண்டு வணங்கியபோது, அவர் வாய் திறவாமல் மணலில் எழுதி உபதேசித்தார் என்றும், அந்த மணல் அரண்மனையில் வழிபாட்டுக்குரியதாகப் பாதுகாக்கப்பட்டது என்றும் அம்மரபு கூறும். நவராத்திரி விழாவை அரசு பெரிய அளவில் நடத்தியதும், அவ்விழா நாட்களில் அரிசியுடன் அம்மன் காசையும் தானமாக வழங்கியதும் அந்த உபதேசத்தின் தொடர்ச்சியாகவே கருதப்பட்டன. ஆகவே இக்காசு சந்தையில் செலாவணியாகப் புழங்கியது போலவே தானப் பொருளாகவும் கை மாறியது. கொடுத்த அரசரும் தம்மைப் ‘பிரகதம்பா தாஸ்’, அதாவது பிரகதம்பாளின் அடியார், என்று பட்டப்பெயரில் குறித்துக்கொண்டார்.

வரி செலுத்துவது முறையா என்று கேட்டவர்களிடம், காசில் இருப்பது யாருடைய உருவம் என்று இயேசு திருப்பிக் கேட்டதாகவும், பேரரசனுடையது என்ற விடை வந்ததும், அவனுக்குரியதை அவனுக்கும் கடவுளுக்குரியதைக் கடவுளுக்கும் கொடுக்கச் சொன்னதாகவும் விவிலியம் கூறுகிறது. உருவம் எவருடையதோ உரிமையும் அவருடையது என்ற அந்த அளவுகோலைப் புதுக்கோட்டைக்குப் பொருத்தினால் அரசனுக்கென்று பிரித்துக் கொடுக்க ஏதும் மிஞ்சாது. காசு முழுவதும் அம்மையுடையது, அரசர் அதைப் பங்கிடும் ஊழியர் மட்டுமே. திருவிதாங்கூரில் மார்த்தாண்ட வர்மர் 1750இல் தம் நாட்டைப் பத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்துவிட்டுப் பத்மநாபதாசராக ஆண்டதும், அந்நாட்டு நாணயங்களில் பத்மநாபனின் சங்கு இடம்பெற்றதும் இதே கருத்தின் வேறு வடிவம்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டில் 1613இல் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பிய டச்சுக்காரர்கள் தங்கள் கம்பெனியின் எழுத்துகளைச் செப்புக் காசில் பொறித்தார்கள். சென்னையின் ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயர்களோ வேங்கடவனையும் இரு தேவியரையும் பொறித்து, ‘மூன்று சுவாமி வராகன்’ எனப்பட்ட பொற்காசை வெளியிட்டார்கள். வராகன் என்ற பெயரே திருமாலின் பன்றி அவதாரத்தைப் பொறித்த பழைய பொற்காசுகளிலிருந்து வந்தது. துணி வாங்க வந்த கிறித்தவ வணிகருக்கு அந்தத் தெய்வங்களிடம் பக்தி இருந்திருக்க வேண்டியதில்லை. மக்கள் தயங்காமல் வாங்கிக்கொள்ளும் முத்திரை என்பதே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. அப்படியானால் ‘அடியார்’ என்ற பட்டமும், தெய்வத்துக்கே கணக்குச் சொல்வதாகக் கூறி மக்களுக்குக் கணக்குச் சொல்லாமலிருக்க உதவும் முத்திரையாக ஆகலாம் அல்லவா? பொறித்தவரின் எண்ணத்தை மட்டும் கொண்டு பார்த்தால் இவ்வினாவுக்கு முடிவு கிடைக்காது; காசை வாங்கிய மக்கள் அதை எவ்வாறு பொருள் கொண்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

மக்கள் பிரகதம்பாளுக்கு இட்ட பெயர் ‘அரைக்காசு அம்மன்’. அரைக்காசு என்பது தமிழில் மிகக் குறைந்த மதிப்புக்கு அடையாளம். அரைக்காசுக்குப் போன மானம் ஆயிரம் பொன் கொடுத்தாலும் வராது என்பது பழமொழி. வடமொழியில் ‘பிரகத்’, தமிழில் பெரியநாயகி என்று பெருமையால் பெயர் பெற்ற அம்மையை மிகச் சிறிய காசால் அழைத்தவர்கள் அவளிடம் செல்வம் வேண்டவில்லை என்பது கவனிக்கத்தக்கது. சாவியோ, மோதிரமோ, பத்திரமோ தொலைந்தால் கிடைக்க வேண்டும் என்று வேண்டி, கிடைத்ததும் வெல்லம் படைப்பதே அவளுக்குரிய வழிபாடு. இவ்வழிபாடு புதுக்கோட்டையைக் கடந்து சென்னை வட்டாரம் வரை பரவி, வண்டலூரை அடுத்த இரத்தினமங்கலத்தில் அவளுக்கெனத் தனிக் கோயிலும் எழுந்துள்ளது.

அத்வைத நூல்களில் ‘கண்டசாமீகர நியாயம்’ என்றோர் உவமை உண்டு. கண்டம் கழுத்து, சாமீகரம் பொன். கழுத்தில் கிடக்கும் பொன்மாலையை மறந்து ஊரெல்லாம் தேடியவர், பிறர் சுட்டிக்காட்டியதும் அதைப் பெற்றதாக மகிழ்கிறார். ஆன்ம ஞானமும் அவ்வாறே, முன்பே பெற்றதைப் பெறுதல் என்பது அதன் கருத்து. அந்த மாலை உண்மையில் தொலையவே இல்லை, வழிபடுவோரின் சாவியோ உண்மையிலேயே தொலைந்தது என்ற வேறுபாடு இருப்பினும், கிடைத்தது புதிய வரவன்று என்ற அறிவில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. தொலைந்தது திரும்பக் கிடைக்கும்போது ஒருவருடைய சொத்து ஒரு காசளவும் கூடுவதில்லை. ஆயினும் நேற்றுவரை தன் உடைமை என்று எண்ணியிருந்த பொருளை இன்று அவர் கொடையாக ஏற்கிறார். காசில் அம்மையைப் பொறித்ததன் சமயப் பொருள் அரசரின் பட்டத்தைவிட இந்த ஏற்பில்தான் தெளிவாக விளங்குகிறது.

1948 மார்ச் 3இல் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. அம்மன் காசும் வழக்கொழிந்தது. எதையும் வாங்க இயலாத அந்தக் காசின் பெயராலேயே, தொலைந்ததைத் தருபவள் இன்றும் அழைக்கப்படுகிறாள்.