மூச்சை நிறுத்திய படம்

வேடசந்தூரைச் சுற்றியிருக்கும் நூற்பாலைகளில் ஒன்றில் சித்தப்பா இருபத்திரண்டு வருஷம் கார்டிங்கில் நின்றவர். எக்ஸ்ரே எடுக்க அவரைக் கூட்டிப்போனேன். 'இழுத்துப் பிடிங்க, விடாதீங்க' என்றார் படமெடுப்பவர். பிடித்தார். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, 'படத்துல ஒண்ணுமில்ல' என்றார். 'அப்ப இந்த எளப்பு நானா இட்டுக்கட்டுறதாப்பா?' என்று சித்தப்பா கேட்டது டாக்டரை அல்ல, வெளியே வந்த பிறகு என்னை.

அந்தக் கேள்வியை மருத்துவத்தின் சில்லறைக் குறையாக ஒதுக்கிவிட முடியவில்லை. ஓர் உடம்பைப் பற்றி யார் சொன்னால் அது உண்மை?

பஞ்சுத்தூசியால் வரும் பிஸினோசிஸ் விசித்திரமான நோய். வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில்தான் நெஞ்சு இறுகும். அடுத்தடுத்த நாட்களில் இளகும். வருஷங்கள் போகப்போக எல்லா நாளும் திங்கட்கிழமையாகிவிடும். 1950களில் லங்காஷயர் பஞ்சாலைகளில் இதை ஆராய்ந்த ரிச்சர்ட் ஷில்லிங் நோயைப் படிநிலைப்படுத்தியது படத்தைக் கொண்டு அல்ல. எந்தக் கிழமையில் நெஞ்சு இறுகுகிறது என்று தொழிலாளியைக் கேட்டு. எக்ஸ்ரேயில் இந்நோய்க்கென்று தனி அடையாளம் கிடையாது. சுருங்குவது மூச்சுக்குழல், திணறல் மூச்சை வெளிவிடுவதில். படமோ இழுத்து நிறுத்திய ஒரு கணத்தினுடையது. அதற்குக் கிழமை தெரியாது. ஷிப்டுக்கு முன்னும் பின்னும் கருவியில் ஊதவைத்துப் பார்த்தால் வித்தியாசம் பிடிபடலாம். ஆனால் அப்படி ஊதச் சொல்வதற்கே முதலில் அவர் பேச்சை ஒருவர் நம்பியாக வேண்டும்.

இதைக்கொண்டு கருவியை ஏசுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையில் 2019-21இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பில், நெஞ்சுப் படம் எடுக்காமல் அறிகுறிகளை மட்டும் விசாரித்திருந்தால், கண்டுபிடிக்கப்பட்ட காசநோயாளிகளில் 42.6 சதவீதம் பேர் விட்டுப்போயிருப்பார்கள். அங்கே 'எனக்கு ஒன்றுமில்லை' என்ற வாக்குமூலம் பொய்த்தது, நிழல் மெய்யாயிற்று.

காண்டல், கருதல், உரை என்று சைவ சித்தாந்திகள் அளவைகளைச் சொன்னார்கள். எக்ஸ்ரேயைக் காண்டல் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது கருதல். கதிரை எது எவ்வளவு தடுத்தது என்பதன் நிழல். அதை வாசிக்கப் பழகிய கண் வேண்டும். ஒரே படத்தில் இரண்டு கண்கள் வேறுபடும் என்பதால்தான் நுரையீரலில் தூசு படியும் நோய்களுக்கு ஐ.எல்.ஓ. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான மாதிரிப் படங்களையே வெளியிட்டு வைத்திருக்கிறது. கருதலைக் காண்டலின் ஆசனத்தில் அமர்த்திவிட்டு உரையை வாசலில் நிறுத்திவிட்டோம். (சித்தாந்திகள் சொன்ன உரை ஆகமத்தின் உரை, கார்டிங் தொழிலாளியின் பேச்சு அன்று. இந்த வழக்கில் அவர்களும் டாக்டர் பக்கம்தான் நின்றிருப்பார்கள்.)

சட்டத்திற்கு இந்நோய் தெரியாததல்ல. ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் மூன்றாம் அட்டவணை இதைத் தொழில்நோயாக ஏற்றுக்கொண்டது. ஆனால் அட்டவணைக்குள் நுழைய நிரூபணம் வேண்டும். நிரூபணமென்றால் மேஜைமீது வைக்கக்கூடிய ஏதோ ஒன்று. நெஞ்சு இறுகிய ஒரு நாளை எந்த உறையில் போட்டுக் கொடுப்பது?

டாக்டர் கேட்ட ஒரே கேள்வி, பீடி உண்டா என்பது. புகையிலைக்கு ஆராய்ச்சி நிலையமே இருக்கும் ஊரில் நியாயமான கேள்விதான். சித்தப்பா பீடி தொட்டதில்லை. பஸ்ஸில் திரும்பும்போது, எந்த நாளில் அதிகமாக இருக்கும் என்று நான் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

'முன்னெல்லாம் லீவு முடிஞ்சு போற அன்னிக்கு. இப்ப கெழமையெல்லாம் இல்லப்பா.'