இரண்டு தட்டு

பின்கதவுக்குக் கீல் மாற்ற வந்த ஆசாரி, கை கழுவக் கொல்லைக்குப் போனார். அங்கே நின்ற பலாமரத்தை விரல் மடக்கி இரண்டு தட்டுத் தட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். "வைரம் நல்லா பாஞ்சிருக்குங்க. ஊஞ்சல் பலகை தாராளமா வரும்" என்றார். கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு மாதமாகியும் அந்தத் தட்டு என் காதைவிட்டுப் போகவில்லை.

பண்ருட்டிப் பக்கம் எங்கள் வீடு. மரம் ஆயா வைத்தது. காய்ப்பு ஓய்ந்துவிட்டது, வேர் சுற்றுச்சுவரைப் பிளக்கிறது. வெட்டிவிடலாம் என்கிறான் தம்பி. ஊஞ்சலாகச் செய்தால் ஆயா வீட்டிலேயே இருப்பது போலிருக்கும் என்கிறாள் தங்கை. இரண்டும் நியாயம்தான். எனக்கு அந்தத் தட்டுதான் உறுத்துகிறது.

அந்த மரத்தடியில் முதலில் தட்டியவள் ஆயா. வைகாசிக் காலைகளில் அடிமரத்தில் தொங்கும் காய்களை ஒவ்வொன்றாகத் தட்டுவாள். விளையாதது 'டக் டக்' என்று கெட்டியாகப் பேசும். விளைந்தது 'தொம்' என்று அடிவயிற்றிலிருந்து பேசும். என் கையைப் பிடித்துத் தட்ட வைப்பாள். "கேட்டியா? இன்னும் நாலு நாள் போவட்டும்" என்பாள். தட்டுவதென்றால் காத்திருப்பது என்றுதான் அன்று எனக்குப் புரிந்தது.

வெட்டிய பிறகும் பலா பேசத்தான் செய்கிறது. மிருதங்கக் கட்டையும் பலாதான். தஞ்சாவூர் வீணையும் பலாதான். அறுத்த புதிதில் மஞ்சளாக இருக்கும் பலா, வருடம் ஆக ஆகப் பழுப்பேறி ஆழ்ந்த நிறம் கொள்ளும் என்று எப்போதோ படித்தேன். எந்தப் புத்தகம் என்பது மறந்துவிட்டது. அந்த வரி மட்டும் நிற்கிறது. வெட்டிய பிறகும் மரம் முதிர்கிறதா? அப்படியானால் ஊஞ்சல் பலகையும் ஒருவகையில் விளைந்துகொண்டிருக்குமா? இந்த நினைப்பு ஆறுதலாக இருக்கிறது. ஆறுதலாக இருப்பதாலேயே இதை நம்பத் தயங்குகிறேன். ஆயா தட்டிய பிறகு மரம் அடுத்த வருடத்துக்கும் அங்கேயே நின்றது. ஆசாரியின் தட்டுக்கு அடுத்த வருடம் இல்லை.

நேற்று விடியலில் போய் நானும் இரண்டு தட்டுத் தட்டினேன். ஏதோ ஒலி வந்தது. காயின் பேச்சு எனக்குப் பழக்கம். மரத்தின் பேச்சு பிடிபடவில்லை.

தம்பி போனில் கேட்டான். "இன்னும் நாலு நாள் போவட்டும்" என்றேன். அது ஆயாவிடம் கற்ற பொறுமையா, கோடரிக்கு முன்னால் வரும் பயமா என்று எனக்கே தெரியவில்லை.