வழிச்செலவு

1960 பிப்ரவரியில் ஜாஸ் இசைக்கலைஞர் குவின்சி ஜோன்ஸுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ‘ஃப்ரீ அண்ட் ஈஸி’ என்ற இசை நாடகத்துக்கு வாசிப்பதற்காக 18 பேர் கொண்ட ஜாஸ் குழுவைத் திரட்டி ஐரோப்பாவுக்கு அழைத்து வந்திருந்தார். ஐரோப்பிய நகரங்களில் நடத்திப் பழகி, கடைசியில் நியூயார்க் பிராட்வேயில் இறங்குவதாகத் திட்டம். பாரிஸிலேயே நாடகம் படுத்துவிட்டது. குழுவைக் கலைத்து எல்லோரையும் ஊருக்கு அனுப்பலாம். நாடகம் போனால் போகிறதென்று குழுவைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகக் கச்சேரி பிடிக்கவும் செய்யலாம். அவர் இரண்டாவது வழியில் போனார். அப்போது அவருக்கு வயது 26.

அடுத்த சில மாதங்கள் அந்தக் குழு ஐரோப்பாவைச் சுற்றியது. முன்கூட்டிப் பேசிவைத்த தேதிகள் கிடையாது. இன்று ஒரு ஊரில் வாசித்தால்தான் நாளை அடுத்த ஊருக்கு ரயில் கட்டணம். கச்சேரி இல்லாத வாரத்திலும் 18 பேருக்குச் சம்பளம், சாப்பாடு, அறை வாடகை. சமாளிக்கத் தன் பாடல்களின் உரிமையில் பாதியை விற்றார். எல்லாம் முடிந்து ஊர் திரும்பியபோது அவர் தலையில் இருந்த கடன் 1,45,000 டாலர். அதை அடைக்கப் பல வருடங்கள் ஆயின.

அந்தச் சுற்றின் நடுவில், 1960 ஜூனில், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் அவர்கள் வாசித்த கச்சேரி ஒலிப்பதிவாகக் கிடைக்கிறது. அடிக்கடி கேட்பேன். ஃபில் வுட்ஸின் சாக்ஸஃபோன், மெல்பா லிஸ்டனின் டிராம்போன், பாட்டி பவுனின் பியானோ என்று ஒவ்வொருவரும் நிமிர்ந்து வாசிக்கிறார்கள். நாளைய ரயிலுக்குக் காசு இருக்குமா என்று யோசிக்கிறவர்கள் வாசிப்பதாக ஒரு இடத்திலும் தெரியாது.

இந்தக் கதையைத் துணிச்சலுக்கு உதாரணமாகச் சொல்வதுதான் வழக்கம். கடனில் மூழ்கியவர் மெர்குரி இசைத்தட்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார், அங்கேயே துணைத்தலைவர் ஆனார், 1982இல் மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ ஆல்பத்தைத் தயாரித்தார், ஆகவே இளைஞர்களே, துணிந்து கிளம்புங்கள் என்று முடியும். எனக்கு இந்த முடிவில் ஒரு நெருடல் உண்டு. ஜெயித்தவர் வாயிலிருந்து கேட்டால் எந்தக் கடனும் அழகாகத்தான் இருக்கும். கூடப் போன மற்றவர்கள் பக்கம் நின்று பார்த்தால் என்ன?

கிளார்க் டெர்ரியும் குவென்டின் ஜாக்சனும் டியூக் எலிங்டனின் குழுவை விட்டுவிட்டு இந்தப் பயணத்துக்கு வந்தவர்கள். அந்தக் காலத்து ஜாஸ் உலகில் எலிங்டன் குழு என்பது ஏறக்குறைய அரசாங்க உத்தியோகம். கச்சேரி குறைந்தாலும் எலிங்டன் தன் பாடல்களிலிருந்து வரும் ராயல்டியைப் போட்டு வருடம் முழுக்கக் குழுவை நடத்தினார். குவின்சி கை வைத்ததும் அதே பாடல் வருமானத்தில்தான். ஆனால் எலிங்டன் செலவழித்தது விளைச்சலை, குவின்சி விற்றது விதைநெல்லை. கிளார்க் டெர்ரி சீக்கிரமே ஊருக்குத் திரும்பி, அதே 1960இல் என்.பி.சி. ஒளிபரப்பு நிறுவனத்தின் நிரந்தர இசைக்கலைஞர்களில் ஒருவராகச் சேர்ந்துவிட்டார். அவரை யாரும் கோழை என்று சொல்லவில்லை, சொல்லவும் கூடாது.

இதையெல்லாம் இப்போது நினைப்பதற்குக் காரணம் நண்பரின் மகள். பாஸ்டனில் ஜாஸ் படிக்கிறாள். டபுள் பேஸ் வாசிப்பவள். கூடப் படிக்கும் மூன்று பேரோடு அடுத்த கோடையில் ஐரோப்பாவில் கச்சேரிச் சுற்று போக ஏற்பாடு நடக்கிறது. நான் கொஞ்ச காலம் ஒரு மெல்லிசைக் குழுவுக்குக் கணக்கு எழுதியவன் என்று அவளுடைய அப்பா சொல்லியிருக்கிறார். பட்ஜெட்டை எனக்கு அனுப்பிவிட்டு, “இதுல எதை வெட்டலாம், சொல்லுங்க மாமா” என்று கேட்டாள்.

படித்துப் பார்த்தேன். மேடையில் நான்கு பேரும் சமம், சாமான் எடை போடும் இடத்தில் இல்லை என்பது முதல் பக்கத்திலேயே புரிந்தது. சாக்ஸஃபோன்காரன் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். டிரம்ஸ்காரன் சிம்பலையும் குச்சிகளையும் மட்டும் தூக்குவான், மற்றதெல்லாம் அங்கங்கே அரங்கத்தில் இருக்கும். பியானோக்காரன் கைவீசிப் போவான், அந்தந்த ஊர் பியானோ எந்த லட்சணத்தில் இருந்தாலும் அதுதான் அவனுக்கு விதி. இவளுடைய வாத்தியம் ஆளுயரம். பெட்டியோடு சேர்த்து 32 கிலோவைத் தாண்டினால் பல விமான நிறுவனங்கள் தொடவே மாட்டா. ஆகவே ஊருக்கு ஊர் வாடகைக்கு எடுக்கவேண்டும். இன்றைக்குப் பழகிய கம்பி உயரம் நாளைக்கு இருக்காது. மதியம் கையில் வாங்கி ராத்திரிக்குள் அதோடு சமாதானம் ஆகவேண்டும்.

விசாவிலும் அப்படித்தான். மற்ற மூவரும் அமெரிக்கப் பாஸ்போர்ட்காரர்கள், ஷெங்கன் நாடுகளுக்குள் நுழைய விசா எடுக்க வேண்டியதில்லை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவள் இவள் ஒருத்திதான். 90 யூரோ கட்டணம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம், நேரம் வாங்கி வரிசையில் நிற்பது எல்லாம் இவள் பாடு. பட்ஜெட்டில் இந்தச் செலவுகள் ‘சொந்தச் செலவு’ என்ற தலைப்பின் கீழ் இருந்தன. வாத்திய வாடகையும் அங்கேதான் இருந்தது. யாரும் சூது செய்து எழுதியதல்ல. இவளே எழுதியதுதான், நண்பர்களுக்குப் பாரமாக இருக்கக் கூடாதே என்று.

எனக்குப் பழைய மெல்லிசைக் குழுத் தலைவர் ஞாபகம் வந்தார். திருவிழாக் கச்சேரி முடிந்ததும் கமிட்டி ஆட்கள் காணாமல் போய்விடுவது அந்தத் தொழிலில் சகஜம். மீதிப் பணம் வராது. ஆனாலும் வேன் கிளம்புவதற்குள் தபேலாக்காரருக்கும் கோரஸ் பெண்களுக்கும் பேட்டா கைக்குப் போய்விடும். வீட்டு வளையல் அடகுக் கடையில் இருக்கும். குழுவில் அவரைத் தெய்வம் என்பார்கள். அவர் வீட்டில் என்ன சொன்னார்கள் என்பது கணக்கு எழுதிய எனக்குத் தெரியும். அவருடைய பெருந்தன்மையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பெருந்தன்மைக்குப் பணம் கட்டியவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

துணிச்சல் நல்லதா, எச்சரிக்கை நல்லதா என்று நாம் வாழ்நாளெல்லாம் பட்டிமன்றம் நடத்துகிறோம். அதைவிட முக்கியமான கேள்வி, துணிகிறவர் யார் தலையை வைத்துத் துணிகிறார் என்பது. இதற்கும் குவின்சியிடமே உதாரணம் இருக்கிறது. 1953இல் லயோனல் ஹாம்ப்டனின் குழுவில் ஐரோப்பா வந்தபோது அவருக்கு வயது 20. டிரம்பெட் வாசித்த கிளிஃபோர்ட் பிரவுனுக்கு 22. வெளியே போய் யாரும் ஒலிப்பதிவு செய்யக் கூடாதென்பது ஹாம்ப்டனின் கட்டளை. பையன்கள் கச்சேரி முடிந்த பிறகு ஓட்டலிலிருந்து நழுவி, பாரிஸிலும் ஸ்டாக்ஹோமிலும் ஒலிப்பதிவுக் கூடங்களுக்குப் போனார்கள். 1956இல் கார் விபத்தில் 25 வயதிலேயே பிரவுன் இறந்துவிட்டார். அந்த மேதையின் வாசிப்பில் ஒரு நல்ல பங்கு நமக்கு மிஞ்சியிருப்பது அந்தத் திருட்டு இரவுகளால்தான். அகப்பட்டிருந்தால் வேலை போயிருக்கும், அவரவர் வேலை. அடுத்தவர் சோற்றில் யாரும் கை வைக்கவில்லை. ஏழு வருடம் கழித்து அதே மனிதர், அதே கண்டம், அதே துணிச்சல். ஆனால் இப்போது 18 பேருடைய வாழ்க்கை அதில் ஏறியிருந்தது.

அதனால்தான் அந்தப் பெண்ணுக்கு எதையும் வெட்டச் சொல்லவில்லை, சேர்க்கச் சொன்னேன். நான்கு பேரும் திரும்பி வருவதற்கான பணம் கிளம்பும் முன்பே தனியாக ஒதுக்கப்பட வேண்டும், அதை எந்த நெருக்கடியிலும் தொடக் கூடாது. ஒரு கச்சேரி ரத்தானால் நஷ்டம் யார் யாருக்கு எவ்வளவு என்பதை இப்போதே எழுதிவிட வேண்டும். எத்தனை டாலர் கையைக் கடித்தால் சுற்றை நிறுத்திக்கொள்வது என்ற எண்ணை நால்வரும் சேர்ந்து தீர்மானிக்க வேண்டும். வாத்திய வாடகையும் விசாவும் பொதுச் செலவில் வர வேண்டும், ஏனென்றால் டபுள் பேஸ் வேண்டும் என்பது குழுவின் ஆசை.

“இப்படியெல்லாம் எழுதினா பயந்து ஒருத்தரும் வரமாட்டாங்க மாமா.”

“சொல்லாம கூட்டிட்டுப் போனா பாதியில பயப்படுவாங்க. அது உனக்குப் பரவாயில்லையா?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பியானோக்காரனிடம்தான் முதலில் பேசவேண்டும், அவன்தான் ஏற்கெனவே படிப்புக் கடனில் இருக்கிறான் என்றாள். அந்த விஷயம் பட்ஜெட்டில் எங்கேயும் இல்லை. நான்கு வருடமாகக் கூட வாசிக்கிறவர்கள், அவன் எந்த இடத்தில் தாளத்தைப் பிடித்து இழுப்பான் என்பதுவரை அவளுக்கு அத்துபடி. அவனால் எவ்வளவு நஷ்டம் தாங்க முடியும் என்று அதுவரை கேட்டதில்லை. சிநேகிதத்தில் காசைப் பேசினால் அசிங்கம் என்று நமக்கு மட்டும்தான் தோன்றுகிறதென்று நினைத்திருந்தேன். பாஸ்டனிலும் அப்படித்தான் போலிருக்கிறது.

பெரியவர்கள் வழக்கமாகக் கேட்பது, “இப்போ இது அவசியமா?” என்ற கேள்வி. அந்தக் கேள்விக்கு எந்தக் கலையும் பதில் சொல்ல முடியாது. எந்த வயதிலும் எந்தப் பயணமும் அவசியமில்லைதான். இருபது வயதில் நான்கு பேர் சேர்ந்து ஊர் பேர் தெரியாத அரங்கங்களில் வாசித்துவிட்டு, கொஞ்சம் கடனோடு திரும்பினால் குடி முழுகிவிடாது. போகட்டும். ஆனால் கிளம்பும் முன் கடனின் அளவை நால்வரும் ஒரே தாளில் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். அதற்குப் பிறகு வருகிற நஷ்டம் ஒருவர் மற்றவருக்குச் செய்த துரோகமாக இருக்காது. நால்வரும் சேர்ந்து செய்த செலவாக இருக்கும்.