பிரம்பும் பரிவும்

பிள்ளையைத் திருத்துவதற்குத் தண்டனை வேண்டுமா என்ற கேள்வி இன்று நேற்று எழுந்ததன்று. 'அடியாத மாடு படியாது' என்பது ஒரு பழமொழி. 'ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும்' என்பது மற்றொன்று. இரண்டையும் சொன்னது ஒரே சமுதாயந்தான்.

இக்கேள்வி மிகக் கூர்மையாக எழும் இடம் தரம் 6 முதல் தரம் 9 வரையான கனிஷ்ட இடைநிலை வகுப்புகளாகும். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை முடியும் வரை பெற்றோர் பிள்ளையின் அருகிலேயே இருக்கின்றனர். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது மீண்டும் அருகில் வருகின்றனர். இடைப்பட்ட ஆண்டுகளில் பிள்ளை பெரும்பாலும் தனித்தே விடப்படுகின்றது. குரல் மாறும், உடல் வளரும், தாயின் சொல்லைவிடத் தோழனின் சொல் பெரிதாகத் தோன்றும் பருவமும் அதுவே. குழப்படி, எதிர்த்துப் பேசுதல், வகுப்புக்கு வராமை என்பன அப்போதே தலைகாட்டுகின்றன. ஒரே அறையில் நாற்பது பிள்ளைகளைச் சமாளிக்கும் ஆசிரியரின் சிரமமும் சிறிதன்று.

பிரம்பை ஆதரிப்போர் சைவசித்தாந்தத்தையே சான்றுக்கு அழைப்பதுண்டு. இறைவனின் கருணை அறக்கருணை, மறக்கருணை என இருவகைப்படும். தண்டித்துத் திருத்துவதும் அருளே. தம் சொற்படி நடவாத பிள்ளையைப் பெற்றோர் வளாரினால் அடிப்பதும் பரிவேயாதல் போல, ஈசனின் முனிவும் பரிவே என்று அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் உவமை கூறுகின்றார். இது மறுக்க முடியாத உண்மையே.

ஆனால் அவ்வுவமை இறைவனை விளக்க வந்தது. மனிதனின் கோபத்துக்கு அனுமதி வழங்க வந்ததன்று. இறைவன் ஆன்மாவின் பக்குவம் அறிந்தவன். விருப்பு வெறுப்பு அற்றவன். வகுப்பறையில் கையை ஓங்குபவருக்கு இவ்விரு தகுதிகளும் உண்டா? பாடசாலைக்குப் பிந்தி வந்தவன் விடியற்காலையில் வெங்காயத் தறைக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்தவனாக இருக்கலாம். வகுப்பில் தூங்குபவள் இரவெல்லாம் வீட்டுச் சண்டையில் விழித்திருந்தவளாக இருக்கலாம். இறைவன் உள்ளத்தை அறிந்து தண்டிக்கின்றான். மனிதனோ அறியாமலே தண்டிக்க நேர்கின்றது. ஆகவே மனிதனுக்கு முதற்கடமை கேட்டறிதலாகும்.

சீர்காழிப் பிரமதீர்த்தக் கரையில் நிகழ்ந்ததைச் சைவ உலகம் அறியும். மூன்று வயதுப் பிள்ளையின் கடைவாயிற் பால் வழியக் கண்ட சிவபாதவிருதயர் சிறுகோல் எடுத்து ஓங்கினார். எனினும் அடிக்கவில்லை. பால் தந்தவர் யாரெனக் கேட்டார். பிள்ளை விடை பகர்ந்தது. அடி முந்தியிருந்தால் அழுகை பிறந்திருக்கும். கேள்வி முந்தியதனால் தேவாரம் பிறந்தது.

அப்படியாயின் பிள்ளை செய்வதையெல்லாம் பொறுத்துக்கொள்வதா? அதுவும் அன்று. அதற்குத் திலகவதியாரின் வரலாறு விடை தருகின்றது. சமண சமயம் சார்ந்திருந்த தம்பி மருள்நீக்கியார் சூலை நோயால் வருந்தி ஆளனுப்பியபோது, தாம் சமணர் பள்ளிக்கு வருவதில்லை என அவ்வம்மையார் உறுதியாக மறுத்தார். தம்பி தாமே திருவதிகைக்கு வந்து அடியில் வீழ்ந்தபோது, பழையதைச் சொல்லிக் குத்திக்காட்டவில்லை. திருவைந்தெழுத்து ஓதித் திருநீறு அளித்துத் திருக்கோயிலுள் அழைத்துச் சென்றார். எல்லையில் உறுதி, திரும்பி வருபவருக்குத் திறந்த வாசல்: ஒழுக்கம் கற்பிப்போர்க்கு இவ்விரண்டும் வேண்டும். உறுதி மட்டும் இருந்தால் பிள்ளை வெளியேறிவிடும். வாசல் மட்டும் திறந்திருந்தால் எல்லை எதுவென்றே அதற்குத் தெரியாது.

நாட்டின் சட்டமும் இந்தத் திசையிலேயே சென்றுள்ளது. பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனையைத் தவிர்க்குமாறு கல்வி அமைச்சு 2005 இல் 17 ஆம் இலக்கச் சுற்றறிக்கையை வெளியிட்டது. ஆசிரியர் அறைந்ததனால் மாணவன் ஒருவனின் செவிப்புலன் பாதிக்கப்பட்ட வழக்கில், அது அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரையை மீறிய செயல் என உயர் நீதிமன்றம் 2021 பெப்ரவரியில் தீர்ப்பளித்து நட்டஈடும் வழங்கியது. எனினும் சட்டத்துக்கு அஞ்சிப் பிரம்பை வைத்துவிட்டு நாவினால் அடிப்பவர் திருந்தியவராகார். 'நீ உருப்படமாட்டாய்' என்று நாற்பது பேர் முன்னிலையிற் சொல்லும் சொல், பிரம்படியிலும் நெடுநாள் நோகும்.

அச்சத்தால் விளையும் ஒழுக்கம் அச்சம் தருபவர் நிற்கும் வரையே நிற்கும். ஆசிரியர் வாசலைத் தாண்டியதும் இரைச்சல் எழும் வகுப்பு அடங்கிய வகுப்பேயன்றி ஒழுக்கமுள்ள வகுப்பன்று. ஒழுக்கம் உள்ளிருந்து எழ வேண்டுமாயின், விதிகள் சிலவாகவும் முன்னரே அறிவிக்கப்பட்டனவாகவும் எல்லோருக்கும் ஒன்றாகவும் இருத்தல் வேண்டும். கண்டிப்பு தனிமையிலும், பாராட்டு சபையிலும் நிகழ்தல் வேண்டும். மேசையை உடைத்தவன் அதனைத் திருத்தும் வேலையிற் பங்குகொள்ளட்டும். சக மாணவியை இழிவாகப் பேசியவன் அவளிடம் மன்னிப்புக் கேட்கட்டும். செய்த பிழையைச் செப்பனிடுவதே தண்டனைகளுட் சிறந்தது. மணி அடித்ததும் ஆசிரியர் வகுப்பில் நிற்பது நேரந்தவறாமை பற்றிய நூறு புத்திமதிகளுக்குச் சமமாகும். பாடசாலை கண்டித்ததை வீடு பழித்தலும், வீடு கண்டித்ததைப் பாடசாலை அறியாதிருத்தலும் ஆகா.

வகுப்பிலே குழப்படிகாரன் எனப் பெயரெடுத்தவன் திருவிழாக் காலத்தில் தண்ணீர்ப்பந்தலில் வெயிலென்றும் பாராது நின்று மோர் வார்ப்பதை ஊர் காண்கின்றது. அங்கே அவனை அடிப்பார் எவருமில்லை. அவனை நம்பி ஒரு பொறுப்புக் கொடுக்கப்பட்டிருக்கின்றது, அவ்வளவுதான். அத்தகைய பொறுப்பொன்று அறநெறிப் பாடசாலையிலும் வகுப்பறையிலும் அவனுக்குக் கிடைக்குமாயின், அவனது பெயர் மாற நெடுங்காலம் செல்லாது.

தேர் வீதியுலா வரும்போது வடமும் வேண்டும், முட்டுக்கட்டையும் வேண்டும். சில்லு பாதை விலகும் இடத்தில் முட்டுக்கட்டை இட வேண்டியதே. ஆனால் முட்டுக்கட்டையால் தேர் நகர்வதில்லை. பலர் கூடி அன்போடு இழுக்கும் வடத்தினாலேயே அது இருப்பிடம் சேர்கின்றது. வளரும் பிள்ளைகளின் வாழ்வுத் தேரும் நல்வழிப்பட்டு நிலைசேர எம்பெருமான் திருவருள் பாலிப்பானாக.