கணினியும் பழியும்

ஒருவரைப் பொறுப்பாளியாக்க அரிஸ்டாட்டில் இரண்டு நிபந்தனைகள் வைத்தார்: செய்வது இன்னதென்று அவர் அறிந்திருக்க வேண்டும், கட்டாயமின்றிச் செய்திருக்க வேண்டும். கணினிக்கு இவை பொருந்தாது. ஆனாலும் அலுவலகங்களில் "சிஸ்டம் ஏத்துக்கல" என்ற பதிலோடு கேள்வி முடிந்துவிடுகிறது. பழியைக் கணினி மேல் போடுவது பொறுப்பான மனிதரை மறைத்துவிடும் என்று மெய்யியலாளர் ஹெலன் நிசன்பாம் 1990-களிலேயே எச்சரித்தார்.

இதைவிடக் கொடியது, கணினியைப் பிழையற்ற சாட்சியாக்குவது. பிரிட்டிஷ் அஞ்சலகங்களில் 1999 முதல் நிறுவப்பட்ட ஹொரைசன் மென்பொருள், உண்மையில் இல்லாத பணப் பற்றாக்குறையைக் கணக்கில் காட்டியது. அதை வைத்துக் கிளை நடத்துநர்கள் மேல் வழக்குகள் தொடுக்கப்பட்டன. கணினி சரியாகவே இயங்கியது என்பது நீதிமன்றங்களின் அனுமானம். ஆகவே மென்பொருளின் தவறைக் காட்டும் சுமை, அதன் உள்ளே எட்டிப் பார்க்கவே முடியாத கிளை நடத்துநர்கள் தலையில் விழுந்தது. சொந்தச் சேமிப்பைப் போட்டு ஈடுகட்டியவர்கள் பலர். கருவுற்ற பெண் ஒருவர்கூடச் சிறைக்குப் போனார். 2015 வரை 900-க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாக்கப்பட்டனர். 2019-இல் உயர் நீதிமன்றம் மென்பொருளின் பிழைகளை உறுதிசெய்தது. 2024-இல் தனிச்சட்டம் இயற்றித் தீர்ப்புகளை ரத்து செய்ய வேண்டியதாயிற்று.

ஹொரைசனைக் கூண்டில் ஏற்ற முடியாது. அதன் குறைகளை அறிந்தும் வழக்கு நடத்தியவர்களே பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.