வினாவும் வினையும்

மணமாகிப் பல்லாண்டுகள் கழிந்தும் மகப்பேறு வாய்க்காத தம்பதியர் சோதனைக் குழாய் முறையை நாடுவது இன்று நம் இல்லங்களிலும் புதிதன்று. கிள்ளை, சிதம்பரம், கடலூர் போன்ற ஊர்களிலிருந்து சென்னைக்கும் புதுச்சேரிக்கும் அலைந்து, நகைகளை அடகு வைத்து, நாள்தோறும் ஊசி ஏற்று, கரு வைத்தபின் இரண்டு வாரம் நெஞ்சம் பதைக்கக் காத்திருந்து, ‘இம்முறையும் இல்லை’ என்ற சொல்லோடு அவர்கள் திரும்புகின்றனர். அப்போது அவர்தம் உள்ளத்தில் எழும் வினா, ‘எமக்கு மட்டும் ஏன்?’ என்பது. சுற்றத்தார் தரும் விடையோ, ‘எல்லாம் முன்செய்த வினை’ என்பது. இவ்விடையைப் பிறர்க்கு வழங்கும் உரிமை நமக்கு உண்டா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

வினைக்கொள்கை நம் அறத்தின் உயிர்நாடி. பெறவேண்டியதைப் பெறவொட்டாமல் தடுப்பது அந்தராய கருமம் என்பதையும், உடலின் அமைப்பு நாம கருமத்தின் பயன் என்பதையும் நாம் இளமையிலேயே கற்றோம். அதில் நமக்கு ஐயமில்லை. எனினும், ‘வினை உண்டு’ என்று நம்புவது வேறு. ‘இன்னாருக்கு இத்துன்பம் இன்ன வினையால் வந்தது’ என்று தீர்ப்புக் கூறுவது வேறு. முன்னது நம்பிக்கை. பின்னது முற்றுணர்ந்தோர் மட்டுமே கூறத்தக்க செய்தி.

நம் புராணங்களில் துன்புற்றோர்க்கு முனிவர்கள் முற்பிறப்பு வரலாற்றை எடுத்துரைக்கின்றனரே எனச் சிலர் கேட்கலாம். உண்மையே. அவர்கள் அவதிஞானம் எய்தியவர்கள். கேட்டவர்க்கு, கேட்டபோது, அவர்தம் துயர் தணியும்பொருட்டு உரைத்தவர்கள். வளைகாப்பு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, கேளாதவள் செவியில் விழும்படி பேசும் நமக்கு எந்த ஞானம் வாய்த்தது? வினையின் பயனை எண்ணிப் பார்த்தலை விபாக விசயம் என்று தரும தியானத்தின் ஒரு வகையாக ஆன்றோர் வகுத்தனர். அது ஒவ்வொருவரும் தம்மை நோக்கிச் செய்துகொள்ள வேண்டிய சிந்தனை. அதனைப் பிறர்மீது எறியும் கல்லாக்கினால், கேட்பவர் நெஞ்சில் ஆர்த்த தியானமே மிஞ்சும்.

இனி, மருத்துவம் இதற்கு என்ன விடை தருகிறது என்பதையும் அறிதல் நலம். பலமுறை கரு வைத்தும் தங்காமைக்குப் பெரும்பாலும் காரணமாவது, அக்கருவிலேயே குரோமோசோம்களின் எண்ணிக்கை பிறழ்ந்திருத்தலாகும். பெண்ணின் வயது ஏற ஏற இப்பிறழ்ச்சி மிகும். விந்தணுவின் குறை, கருப்பையின் அமைப்பு, தைராய்டு சுரப்பி, இரத்தம் உறைதலில் கோளாறு ஆகியனவும் காரணமாகலாம். ஆகவே மனைவியை மட்டும் சோதனைக்கு அனுப்பிவிட்டுக் கணவனை வீட்டில் இருத்திக்கொள்வது அறமும் அன்று; அறிவும் அன்று. எல்லாச் சோதனைகளும் முடிந்தபின்னும், ‘காரணம் புலப்படவில்லை’ என்றே மருத்துவர் கூறும் நிலையும் உண்டு. அது அவர்தம் அறியாமையன்று, நேர்மை. ஆசிரியப் பயிற்சியில் நமக்குக் கற்பித்த நற்பாடங்களுள் ஒன்று, மாணவன் கேட்ட வினாவுக்கு விடை தெரியாதவிடத்துத் தெரியாது என்று சொல்லுதல். வகுப்பறைக்கு உரிய அந்நெறி உறவினர் கூடும் கூடத்திற்கும் உரியதன்றோ?

‘தோல்வி’ என்ற சொல்லையும் சற்றே ஆராய்வோம். 1978ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் லூயிஸ் பிரவுன் என்னும் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்ததை உலகம் அறியும். ஆனால் 1969 முதல் 1978 வரை எட்வர்ட்ஸ், ஸ்டெப்டோ ஆகியோரும் அவர்களுடன் உழைத்த ஜீன் பர்டி அம்மையாரும் மேற்கொண்ட அம்முயற்சியில் பங்குகொண்ட பெண்கள் 282 பேர் என்பதையும், அவர்களுள் குழந்தை பெற்றவர் இருவரே என்பதையும் அறிந்தோர் சிலரே. ஏனைய 280 பேரும் தோற்றவர்களா? அவர்தம் கண்ணீரின்மேல் எழுந்ததன்றோ இன்றைய மருத்துவம்! இன்றுங்கூட, இளம் வயதினர்க்கும் ஒருமுறை கரு வைத்தால் மும்முறைக்கு ஒருமுறை அளவிலேயே குழந்தைப்பேறு கிட்டுவதாக இங்கிலாந்தின் கணக்குகள் காட்டுகின்றன. வாய்க்காமையே மிகுதி என்றிருக்க, வாய்க்காதவளைக் குற்றவாளியாக்குவது எங்ஙனம் பொருந்தும்?

கிள்ளைப் பகுதியினர் 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாளை மறவார். எம்.ஜி.ஆர். திட்டு முதலிய மீனவர் குடியிருப்புகளை ஆழிப்பேரலை சூறையாடிய நாள் அது. அன்று பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு தாயின் எதிரில் நின்று, ‘இது உன் வினை’ என்று கூற நம்மில் எவர்க்கேனும் நா எழுமா? அப்பேரலையில் பிள்ளைகளை இழந்து, முன்னரே குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டிருந்த தாய்மார்க்குக் கருக்குழாயை மீண்டும் இணைக்கும் அறுவைச் சிகிச்சையைத் தமிழக அரசு இலவசமாக அளித்தது. இச்சிகிச்சையால் மீண்டும் கருவுறுவோரும் உளர், கருவுறாதோரும் உளர். எஞ்சிய குழாயின் நீளம், பெண்ணின் வயது ஆகியவற்றையே மருத்துவர் அதற்குக் காரணமாகக் கூறுவர். பெருந்துயரின் எதிரில் அடங்கும் நம் நா, ஆண்டுதோறும் சிறுகச் சிறுகத் துயருறுபவளின் எதிரில் மட்டும் ஏன் அடங்குவதில்லை?

நம் பெண்களுக்கு உள்ளூர மற்றோர் அச்சமும் உண்டு. தங்காது போன கருக்கள் உயிர்களன்றோ, அவற்றின் அழிவு இம்சையாகாதோ என்பது அது. கவனமின்மையும் கஷாயமும் கூடிய செயலால் உயிர்க்கு ஊறு செய்வதே இம்சை என்று தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கிறது. வாழவேண்டும் என்று வேண்டி ஏற்ற கரு நிலைபெறாது போவது அவ்வரையறையுள் அடங்காது. இயற்கையாகத் தோன்றும் கருக்களுள்ளும் பல, தாய் அறியுமுன்னரே நீங்கிவிடுகின்றன. ஆனால் மிகுதியாக உண்டாக்கிச் சேமிக்கப்படும் கருக்கள் பற்றி முன்கூட்டியே சிந்தித்தல் நம் கடமை. 2021ஆம் ஆண்டின் இனப்பெருக்க உதவித் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பொதுவாகப் பத்தாண்டுகளுக்கு மேல் அவற்றைச் சேமித்தல் இயலாது. எனவே எத்தனை கருக்களை உண்டாக்குவது என்பதைச் சிகிச்சை தொடங்குமுன்பே மருத்துவரோடு பேசி முடிவு செய்தல் நன்று. வெற்றி வாய்ப்பு, செலவு, பக்கவிளைவு ஆகியவற்றை விளக்கும் பொறுப்பையும் அச்சட்டம் மருத்துவமனைக்கு விதித்துள்ளது. அதனைக் கேட்டுப் பெறத் தயங்க வேண்டா.

இன்னும் ஒருமுறை முயல்வதா, நிறுத்துவதா என்பது அவ்விருவரின் முடிவு. ‘இன்னொரு முறை பார்’ என்று தூண்டுவதும், ‘போதும் விடு’ என்று அடக்குவதும் நம் வேலையன்று. தத்தெடுக்க விரும்பினால், 1956ஆம் ஆண்டின் இந்துத் தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டம் சமணர்க்கும் பொருந்துவதாகும். அங்ஙனம் வந்த பிள்ளையை ஆறுதற் பரிசாகக் கருதாது, மகவாகவே ஏற்றல் வேண்டும். பிள்ளையின்றி வாழ முடிவு செய்தால், அவ்வாழ்வும் நிறைவான இல்லறமே.

சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில், பிறர்க்குக் கேடு விளைக்குமாயின் உண்மையையும் உரையாதிருத்தல் இல்லறத்தார்க்குரிய வாய்மை விரதம் என்கிறார். உண்மைக்கே இக்கட்டுப்பாடு எனில், நாம் அறியாத ஒன்றை அறிந்தார் போல் உரைப்பதற்கு எத்துணைக் கட்டுப்பாடு வேண்டும்! ‘விசேஷம் ஏதும் உண்டா?’ என்று வினவுதலைத் தவிர்ப்போம். வளைகாப்பிலும் மஞ்சள் நீராட்டிலும் அவளை முன்வரிசையில் அமர்த்துவோம். ‘ஏன்?’ என்று அவள் கேட்டால், ‘தெரியவில்லை, அம்மா’ என்று கூறி, அவள் பேசி முடிக்கும்வரை உடன் இருப்போம். அறிந்தவர் சொல்லட்டும், அறியாத நாம் அருகிருப்போம்.

வாழ்க நல்லறம்!