ஹாலே நகர லத்தீனாவும் தன்விருப்பின் சிக்கலும்

இறைநம்பிக்கையைப் பள்ளிப் பாடமாகக் கற்பிக்க இயலுமா என்னும் வினாவுக்கு, ஜெர்மனியின் ஹாலே நகரில் 1697ஆம் ஆண்டு தோன்றிய லத்தீனா என்னும் பள்ளியின் வரலாறு ஒரு நல்ல உரைகல்லாகும். லத்தீன் மொழியை அடித்தளமாகக் கொண்டு, நகரத்தார் வீட்டுப் பிள்ளைகளையும் அறிவுக்கூர்மை மிக்க ஆதரவற்ற சிறுவர்களையும் பல்கலைக்கழகக் கல்விக்கு ஆயத்தம் செய்த மேல்நிலைப் பள்ளி அது. உயர்குடிப் பிள்ளைகளுக்கெனப் பெடகோகியம் என்ற உறைவிடப் பள்ளி தனியே இருந்தது.

இவ்விரண்டையும் நிறுவிய ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே, ஹாலேயை ஒட்டிய கிளவுகா என்னும் வறிய ஊரின் போதகர். 1695இல் தம் வீட்டுக் காணிக்கைப் பெட்டியில் விழுந்த 4 தாலரையும் சில்லறையையும் முதலாகக் கொண்டு அவர் தொடங்கிய ஏழைப் பிள்ளைகளின் பள்ளி, 1727இல் அவர் மறைந்தபோது 2,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் பயிலும் பெருநிறுவனமாக வளர்ந்திருந்தது. அவர் சார்ந்திருந்த பயட்டிசம் என்பது, லுத்தரன் திருச்சபைக்குள் எழுந்து, கோட்பாட்டை வாயால் ஒப்புவிப்பதைவிட உள்ளம் உடைந்து மனந்திரும்புவதையே மெய்யான விசுவாசமாகக் கொண்ட இயக்கமாகும். 1687இல் லூனபுர்க் நகரில் ஃபிராங்கே அத்தகைய மனப்போராட்டத்தைத் தாமே அடைந்து மீண்டவராதலால், பிறவியிலேயே பாவத்தால் கோணிய மனிதச் சித்தம் முதலில் முறிக்கப்பட்டால்தான் அருள் உள்ளே நுழையும் என்று உறுதியாக நம்பினார். பிள்ளையின் தன்விருப்பை முறிக்க வேண்டும் என்பதை, 1702இல் வெளிவந்த தம் கல்வி நூலில் அவர் ஒளிவுமறைவின்றி எழுதினார். அதன்படி விளையாட்டு வீண்பொழுதாகக் கருதப்பட்டு விலக்கப்பட்டது. பெடகோகியத்து மாணவர் ஆசிரியரின் கண்காணிப்பின்றித் தனித்திருக்க விடப்படவில்லை. அவ்வாசிரியர்களிற் பலர், ஹாலேப் பல்கலைக்கழகத்தில் இறையியல் பயின்றுகொண்டே, இலவச உணவுக்கு ஈடாகப் பாடம் சொல்லிய ஏழை மாணவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

இங்கேதான் சிக்கல் எழுகிறது. சரணடைதல் என்பதும் சித்தத்தின் செயலே. பிறர் கைபட்டு முறிந்த சித்தம் எதைக் கொண்டு சரணடையும்? மனந்திரும்புதல் அருளின் கொடை என்று போதித்தவர்களே அதற்குக் கால அட்டவணை வகுத்ததை ஃபிராங்கேயின் இறையியல் முற்றாக நியாயப்படுத்திவிட்டது என்று சொல்வதற்கில்லை.

ஆனால் அதே வளாகத்தில் வேறொரு கல்வியும் நடந்தது. ஒரு மாணவன் லத்தீனில் மேல்வகுப்பிலும் கணக்கில் கீழ்வகுப்பிலும் அமரலாம் என, பாடந்தோறும் அவனவன் தேர்ச்சிக்கேற்ற வகுப்பு வகுக்கப்பட்டது. பெடகோகியத்தில் கடைசல் வேலையும் கண்ணாடி தேய்ப்பதும் தாவரத் தோட்டமும் கல்வியின் பகுதிகளாயின. ஃபிராங்கே நிறுவிய ஆதரவற்றோர் இல்லத்தின் மேல்மாடத்தில் அமைந்த அருங்காட்சி அறையில், கூரையிலிருந்து முதலை ஒன்று தொங்க, அலமாரிகளில் சிப்பிகளும் கனிமங்களும் தொலைநாட்டுப் பொருள்களும் அடுக்கப்பட்டிருந்தன. படைப்பைக் கண்ணால் கண்டு படைத்தவனைப் போற்றுவதே இதன் நோக்கம். எனினும் பார்க்கப் பழகிய கண், காட்டியதை மட்டும் பார்த்துவிட்டு மூடிக்கொள்வதில்லை.

இதற்குத் தமிழுலகிலேயே சான்று உண்டு. ஹாலேப் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த பர்த்தலோமேயு சீகன்பால்கு, மதம் பரப்ப அனுப்பப்பட்டவராயினும், நீதிவெண்பா, கொன்றை வேந்தன், உலகநீதி ஆகியவற்றை 1708இல் ஜெர்மானிய மொழியில் பெயர்த்தார். 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளியை விரிவான நூலாக எழுதி அனுப்பினார். கிறிஸ்துவை அறியாத மக்களிடம் இத்தகைய அறநூல்கள் இருந்ததை அவர் மறைக்கவில்லை. தமிழர் எழுதிய கடிதங்களை மொழிபெயர்த்து வெளியிட்ட ஹாலே, தெய்வங்களின் நூலையோ அச்சேற்றாமல் வைத்துவிட்டது. அது 1867இல் சென்னையில்தான் அச்சானது. சீனரின் கன்பூசிய ஒழுக்கத்தைச் சான்றாகக் காட்டி, திருவெளிப்பாட்டின் துணையின்றியும் அறம் கைகூடும் என 1721இல் உரையாற்றிய ஹாலேப் பல்கலைக்கழக மெய்யியல் பேராசிரியர் கிறிஸ்டியன் வோல்ஃபின் கதி இன்னும் கொடிது: ஹாலே பயட்டிஸ்டுகளின் தூண்டுதலால், 1723இல், 48 மணி நேரத்துக்குள் நாட்டைவிட்டு வெளியேறாவிடில் தூக்கு என்று பிரஷ்ய அரசர் ஆணையிட்டார்.

ஹாலேயின் முறை பிரஷ்ய நாடெங்கும் பரவியது. அதைத் தழுவிய கோனிக்ஸ்பெர்க் நகரின் ஃபிரிடெரிசியானும் பள்ளியில் 1732 முதல் 1740 வரை பயின்ற இம்மானுவேல் காண்ட், பிற்காலத்தில் அந்நாள்களை அடிமைத்தனமாக நினைவுகூர்ந்தார் என்று அவரை அறிந்தோர் எழுதியுள்ளனர். ஆயினும் பயட்டிசத்தில் தோய்ந்த தம் பெற்றோரின் வாழ்வை அவர் எப்போதும் மதிப்புடனேயே பேசினார். வீட்டில் வற்புறுத்தலின்றிக் கண்ட பக்தி மதிப்பையும், பள்ளியில் மணியடித்துச் செய்வித்த பக்தி கசப்பையும் விட்டுச்சென்றன. ஒழுக்கச் சட்டத்தை மனிதன் தனக்குத் தானே விதித்துக்கொள்கிறான் என்ற அவரது கோட்பாட்டை அப்பள்ளிக்கு அளித்த மறுமொழியாக மட்டும் சுருக்குவது மிகை; ஆனால் 1803இல் வெளியான அவரது கல்வியியல் சொற்பொழிவுகள், கட்டாயத்தின் நடுவே சுதந்திரத்தை வளர்ப்பது எவ்வாறு என்பதையே கல்வியின் பெரும் சிக்கல்களுள் ஒன்றாக முன்வைக்கின்றன.

ஹாலேயில் ஃபிராங்கேயின் நிறுவனங்கள் அடங்கிய ஃபிராங்கே அறக்கட்டளைகள் 1946இல் தனியுரிமை இழந்து பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டன; பொதுவுடைமை ஆட்சியில் அதே கட்டடங்களில் வேறொரு கொள்கை பாடமாயிற்று, அதுவும் உள்ளங்களைத் தன்வயப்படுத்தவில்லை. ஜெர்மனி ஒன்றிணைந்த பின் அறக்கட்டளைகளும் லத்தீனாவும் மீட்கப்பட்டன. சித்தத்தை முறித்து விசுவாசத்தை விதைக்கும் ஃபிராங்கேயின் திட்டம் தோற்றது என்றே கொள்ள வேண்டும்; ஏழைப் பிள்ளைக்கும் முறையான கல்வி, பொருளைக் கண்டு கற்கும் கல்வி என்னும் இரண்டுமே அவரிடமிருந்து நிலைத்து நின்றவை.